கற்றலை ஆராயப் போன எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

2015 ஆகஸ்டில் உளவியலில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளராகப் பதிவு செய்துகொண்டேன். வாய்மொழித் தேர்வு முடிந்தது 2023 ஜனவரியில். ஐந்தாண்டில் முடித்துவிடலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போன படிப்பு, ஏழு ஆண்டும் ஐந்து மாதமும் எடுத்துக்கொண்டது. இந்த இழப்பில் பெரும்பகுதி தவிர்த்திருக்கக்கூடியது என்பது இப்போது தெரிகிறது. விலங்குகளைக் கொண்டோ, ஆய்வகக் கருவிகளைக் கொண்டோ, கற்றலையும் நடத்தையையும் ஆராயப் போகிறவர்கள் நம் ஊரில் குறைவு. அதனால் எனக்கு முன்னால் அந்த வழியில் போய்ப் பட்டுத் தெளிந்த ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. அப்படி ஒருவர் கிடைத்திருந்தால் என்னிடம் என்னென்ன சொல்லியிருப்பாரோ, அவற்றையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

என் கேள்வி என் வீட்டிலிருந்தே வந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் தம்பியை ஏழு வயதில் நாய் கடித்தது. அதன்பின் நாய் என்றாலே அலறுவான். அந்தக் கோடை விடுமுறையில் அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டில் தங்கியிருந்தபோது, அங்கே வளர்ந்த சாதுவான நாயோடு ஒரு மாதம் பழகி, அதற்குச் சோறு வைக்கும் அளவுக்குப் பயம் தெளிந்தான். ஜூன் மாதம் திரும்பி வந்து எங்கள் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும், தூரத்தில் படுத்திருந்த நாயைப் பார்த்து என் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டான். முதுகலை வகுப்பில்தான் இதற்கு விளக்கம் கிடைத்தது. ஓர் இடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் அடங்கச் செய்தால், பழைய இடத்துக்குத் திரும்பும்போது அது மீண்டும் தலைதூக்கும் என்பதை மார்க் பௌட்டன், ராபர்ட் போல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1979-இல் எலிகளைக் கொண்டு காட்டியிருந்தார்கள். கற்றது அழிவதில்லை, அதன்மேல் இன்னொரு கற்றல் படிகிறது, அந்த இரண்டாவது கற்றல் அது நடந்த சூழலோடு கட்டுண்டிருக்கிறது என்பது இதன் சாரம். அச்சத்துக்கும் போதைப் பழக்கத்துக்கும் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவர்களுக்கு அவை ஏன் மறுபடி வருகின்றன என்பதை இது விளக்குகிறது. இதையே எலிகள் நெம்புகோல் அழுத்தும் பழக்கத்தில், சூழலை மாற்றி மாற்றிச் சோதிக்க வேண்டும் என்பது என் திட்டம்.

கேள்வியின்மேல் இருந்த ஆசையில், அந்தக் கேள்விக்கு வேண்டியவை நான் சேரும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கத் தவறினேன். பல்கலைக்கழகத்தில் விலங்கு வளர்ப்பகம் இருந்தது, அதற்கு அரசுப் பதிவும் இருந்தது. ஆனால் அது வேறொரு துறையின் பொறுப்பில் இருந்தது. உளவியல் துறையிலிருந்து அதுவரை யாரும் அங்கே போனதில்லை. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் கீழ் 1998-இல் வந்த விதிகளின்படி, நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொடக்கூடாது. அந்தக் குழுவில் மத்திய அரசின் கண்காணிப்புக் குழு நியமிக்கும் உறுப்பினரும் இருப்பார். 2015 செப்டம்பரில், சோதனைக்கு ஒப்புதல் கேட்கும் ‘பி’ படிவம் கொடுத்தேன். முதல் கூட்டத்துக்கு அரசு நியமித்த உறுப்பினர் வர இயலாமல் தள்ளிப்போயிற்று. அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்து. அதில், இருபத்து நான்கு எலிகள் ஏன் வேண்டும், பதினாறு போதாதா, எந்தக் கணக்கில் இந்த எண் வந்தது என்று கேட்டார்கள். மற்ற ஆய்வுக் கட்டுரைகளில் இப்படித்தான் இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. திருத்திக் கொடுத்து, மறுபடி காத்திருந்து, ஒப்புதல் கையில் கிடைத்தபோது 2016 நவம்பர். பதினான்கு மாதங்கள். அந்தக் குழுவின்மேல் அன்று எனக்கு இருந்த கோபம் இன்று இல்லை. அவர்கள் கேட்டது சரியான கேள்வி. பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டியது என் கடமை.

ஆகவே இத்துறைக்கு வரும் எவரும், பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே விலங்கு வளர்ப்பகத்துக்கு நேரில் போய்ப் பொறுப்பாளரிடம் பேசுங்கள். பதிவு எந்த ஆண்டு வரை செல்லும், எந்த இன விலங்குகளுக்கு அனுமதி, நெறிமுறைக் குழு ஆண்டுக்கு எத்தனை முறை கூடுகிறது, கடைசியாக எப்போது கூடியது என்பதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை விலங்குகள் வேண்டும் என்பதைப் புள்ளியியல் கணக்கோடு எழுதுங்கள். எதிர்பார்க்கும் விளைவின் அளவு என்ன, அதைக் கண்டறியும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு பக்கம் இருந்தால் பாதிக் கேள்வி எழாது. ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மாதங்களில் பாடத்திட்டத் தேர்வை முடிக்கலாம், விலங்கைக் கையாளும் பயிற்சியைக் கால்நடை மருத்துவரிடம் பெறலாம். நான் அந்தப் பதினான்கு மாதங்களில் பெரும்பகுதியைப் பல்கலைக்கழக அலுவலக வராந்தாவில் கழித்தேன்.

அடுத்தது கருவி. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் உருவாக்கிய, எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு தரும் ‘ஸ்கின்னர் பெட்டி’யை மென்பொருளோடு இறக்குமதி செய்ய வந்த விலைப்புள்ளி பல லட்சம் ரூபாய். துறையில் அதற்கு நிதி இல்லை. எனக்கு அப்போது உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். அதிலிருந்து மிச்சம் பிடித்து, ஒரு பட்டறையில் அக்ரிலிக் தகட்டில் பெட்டியும், சிறிய மோட்டாரில் சுழலும் துளைத் தட்டு வைத்த உணவு வழங்கியும் செய்யச் சொன்னேன். எலி நெம்புகோலை அழுத்தினால் மோட்டார் ‘டக்’ என்று ஒரு சுற்று சுற்றும். தட்டின் துளையில் ஏறிய உணவு வில்லை குழாய் வழியாகக் கிண்ணத்தில் விழும். வில்லை ஒன்று 45 மில்லிகிராம்; ஆய்வகத் தீவனத்தைப் பொடித்து மருந்தியல் துறையின் மாத்திரை அச்சில் போட்டு எடுத்தது. எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆயிற்று, பின்னால் பழுதுபார்க்க இன்னொரு 14,000. இந்த 52,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூட எனக்குத் திரும்பவில்லை. வாங்குவதற்கு முன் துறையின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் முறையான ரசீதும் பெற்றிருந்தால், உதவித்தொகையோடு ஆண்டுதோறும் வரும் சில்லறைச் செலவு நிதியில் ஒரு பகுதியாவது கிடைத்திருக்கும். பட்டறைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை நம்பிவிட்டேன்.

ஒரே பெட்டி என்பதால் எலிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக இரு தொகுதிகளாகப் பிரித்தேன். முதல் தொகுதி 2017 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நடந்தது. காலை ஐந்தரைக்கு வளர்ப்பகம் திறக்கச் சொல்லி, ஒவ்வோர் எலியையும் எடைபோட்டு, இயல்பு எடையில் 85 சதவீதத்தில் நிறுத்துவதற்கு ஏற்ற தீவனத்தை அளந்து வைத்து, ஓர் எலிக்கு அரைமணி நேரம் என்று நண்பகல்வரை ஓடும். ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. விலங்குக்குப் பண்டிகை தெரியாது என்பதை வீட்டாருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு இரவுப் பேருந்தில் போய், மறுநாள் இரவுப் பேருந்திலேயே திரும்பினேன். அந்த ஒரு நாள் தீவனம் வைக்க மாற்று ஆளை ஏற்பாடு செய்ய நாலு நாள் அலைந்தேன். தனி ஒருவராக விலங்குச் சோதனை தொடங்காதீர்கள். தீவனம் வைக்கவும் எடை பார்க்கவும் பயிற்சி பெற்ற இரண்டாம் ஆள் ஒருவரின் பெயரை முதலிலேயே நெறிமுறைப் படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாம் தொகுதி அக்டோபரில் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை. இந்தத் தொகுதி எலிகள் வேறுவிதமாக நடந்துகொண்டன. அழுத்தினால் உணவு வராது என்ற நிலைக்கு மாற்றியதும் முதல் தொகுதி எலிகள் நாலைந்து அமர்வுகளில் அழுத்துவதை நிறுத்தியிருந்தன. இவையோ எட்டு, ஒன்பது அமர்வு வரை விடாமல் அழுத்தின. நான் மகிழ்ந்துபோனேன். ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துத் துறைக் கருத்தரங்கில் அரைமணி நேரம் பேசவும் செய்தேன். 2018 பிப்ரவரியில் மிச்ச வில்லைகளை எடைபோட்டபோதுதான் உண்மை தெரிந்தது. அரைக்கிலோ வில்லையோடு தொடங்கினேன். பன்னிரண்டு எலிகள், பத்துப் பயிற்சி அமர்வுகள், அமர்வுக்கு ஐம்பது வில்லை; ஆக 6,000 வில்லை, 270 கிராம் செலவாகியிருக்க வேண்டும். மீதி 230 கிராம் இருக்க வேண்டிய புட்டியில் 320 கிராம் இருந்தது. ஏறத்தாழ 2,000 வில்லைகள் எலிகளுக்குப் போய்ச் சேரவேயில்லை. மழை ஈரத்தில் வில்லைகள் நமத்து, உதிர்ந்த மாவு தட்டின் துளைகளை அடைத்திருந்தது. மோட்டார் ‘டக்’ என்று சுழன்றது, கணினியும் ஒன்று என்று எண்ணிக்கொண்டது, வில்லை மட்டும் விழவில்லை.

கற்றல் துறையைப் படித்த எவருக்கும் இதன் பொருள் விளங்கும். ஒவ்வொரு முறையும் வலுவூட்டல் (இங்கே உணவு) பெற்ற நடத்தை சீக்கிரம் அடங்கும், விட்டுவிட்டுப் பெற்ற நடத்தை நெடுநேரம் நிற்கும் என்பது 1939-இல் ஹம்ப்ரீஸ் என்ற உளவியலாளர் காட்டியதிலிருந்து பாடநூலில் இருக்கும் செய்தி. என் எலிகள் தம்மையறியாமல் விட்டுவிட்டு வலுவூட்டும் அட்டவணைக்குள் போயிருந்தன. எந்த எலிக்கு எந்த அமர்வில் எத்தனை தவறியது என்பதற்குப் பதிவே இல்லை, ஏனென்றால் அழுத்தங்களை மட்டும்தான் பதிந்தேன், விழுந்த வில்லைகளைப் பதியவில்லை. இன்றும் என் மனத்தில் நிற்பது ஒரு காட்சி. அழுத்திவிட்டு ஓடிவந்த எலி கிண்ணத்தை முகர்ந்து, தலையை நிமிர்த்தி, மறுபடி குனிந்து முகர்ந்துவிட்டு நெம்புகோலுக்குத் திரும்பியது. ஒரு முறை அல்ல, பலமுறை அதைப் பார்த்தேன். ‘இருமுறை முகர்கிறது’ என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

என் நெறியாளர் ஆறுதலாக ஒன்று சொன்னார். உணவு வராதபோது நடத்தை படிப்படியாக அடங்கும் வளைகோட்டை ஸ்கின்னர் முதன்முதலில் கண்டதே, அவருடைய உணவு வழங்கி சிக்கிக்கொண்ட ஒரு நாளில்தான். 1956-இல் எழுதிய கட்டுரையில் அவரே அதைச் சொல்கிறார். உண்மைதான், ஆனால் எனக்கு அது ஆறுதல் தரவில்லை. அவர் கருவி சிக்கியதை அன்றைக்கே கண்டார், என்ன நடந்தது என்பது பதிவுத் தாளில் கோடாகக் கண்முன் இருந்தது. என்னிடம் இருந்தது பன்னிரண்டு எலிகளின் பயனற்ற தரவு. சோதனை முடிந்தபின் விதிப்படி அந்த எலிகளின் உயிர் வலியின்றி முடிக்கப்பட்டிருந்தது. அந்த வாரம் முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பணமும் காலமும் போனதைவிட, என் கவனக்குறைவால் பன்னிரண்டு உயிர்கள் எதற்கும் ஆகாமல் போயின என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. இன்னும் எலிகள் வேண்டும் என்று நான் விண்ணப்பிக்கவில்லை. கேட்க மனம் வரவில்லை.

கருவியை வைத்து ஆராயும் எல்லோரையும் கெஞ்சிக் கேட்கிறேன்: கருவிக்கு நீங்கள் இடும் கட்டளையைப் பதிவது போதாது, விலங்கின் பக்கத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பதைத் தனியாகப் பதியுங்கள். குழாயின் வாயில் ஓர் ஒளி உணரியைப் பொருத்தினால் விழும் ஒவ்வொரு வில்லையும் எண்ணப்படும், அதன் விலை சில நூறு ரூபாய்தான். அதுவும் முடியாவிட்டால், ஒவ்வோர் அமர்வுக்கு முன்னும் பின்னும் வில்லைப் புட்டியை எடைபோட்டுக் குறியுங்கள். அதற்கு அரை நிமிடம் ஆகும். நம் ஊரில் மழைக்காலத்தில் சோதனை வைத்தால் வில்லைகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு அடைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். முக்கியமாக, தரவு எதிர்பாராத விதத்தில் அழகாக இருந்தால், மகிழ்வதற்கு முன் கருவியைப் பிரித்துப் பாருங்கள்.

இதே காலத்தில் கட்டுரை வெளியீட்டிலும் ஏமாந்தேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. 2018 ஜனவரியில் ஓர் இதழ் 9,500 ரூபாய் கேட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரப் பட்டியலில் அதன் பெயர் இருந்ததைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டினேன். ஆறே நாளில் ஏற்பு. அது ஏன் ஆறு நாளில் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவ்வாண்டு மே மாதம் மானியக் குழு ஒரே வீச்சில் 4,305 இதழ்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது, அதில் என் இதழும் போயிற்று. விதிகள் அதற்குப்பின் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 2022 நவம்பரில் வந்த புதிய ஒழுங்குமுறையில் அந்தக் கட்டாயமே இல்லை. அதற்குப் பதிலாக 2019-இல் கொண்டுவந்த ‘கேர்’ என்ற இதழ்ப் பட்டியலும் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டது. ஆகவே எந்தப் பட்டியலையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் மேற்கோள் காட்டும் கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தனவோ அவற்றுக்கே அனுப்புங்கள். என் இரண்டாவது கட்டுரை அப்படித்தான் வெளியானது. ஒன்பது மாதமும் மூன்று சுற்றுத் திருத்தமும் ஆயின, ஆனால் ஒரு பைசா செலவில்லை. திருத்தம் கேட்டவர்கள் என் நெறியாளரைவிட நுணுக்கமாகப் படித்திருந்தார்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இரண்டாண்டு முடிந்ததும் இளநிலை உதவித்தொகை முதுநிலையாக உயர வேண்டும். அதற்குக் குழு கூடி மதிப்பிட்டு ஆவணம் அனுப்ப வேண்டும். என் கோப்பு ஒரு மேசையில் தங்கிவிட்டதால் ஏழு மாதம் எனக்கு எதுவும் வரவில்லை. விடுதிக் கட்டணத்துக்கு அம்மாவின் இரண்டு வளையல்களை அடகு வைத்தோம். நிலுவை மொத்தமாக வந்தபோது வட்டியே 6,000 ரூபாய்க்குமேல் ஆகியிருந்தது. இரண்டாம் ஆண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே கோப்பை நகர்த்தத் தொடங்குங்கள், கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். உதவித்தொகையில் நாலு மாதச் செலவுக்கான தொகையைத் தொடாமல் வைத்திருங்கள்.

2019 ஜூனில் நெறியாளர் ஓய்வு பெற்றார். நான் சேரும்போது அவருக்கு நான்கு ஆண்டு பணிக்காலம்தான் மீதி என்பது தெரிந்தும், அதற்குள் முடித்துவிடலாம் என்று இருவரும் நினைத்தோம். (இப்போதைய விதியில், ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரைச் சேர்க்க முடியாது.) புதிய நெறியாளர் அமைய ஐந்து மாதம் ஆயிற்று. அவர் ஆற்றுப்படுத்தல் (கவுன்சலிங்) துறையைச் சேர்ந்தவர். வினாநிரல் ஒன்றைக் கொடுத்து ஆய்வை முடித்துக்கொள்ளலாம் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் என் கேள்வியை விட விரும்பவில்லை. அதே கேள்வியை மனிதர்களிடம் சோதிக்கும் ஒரு முறை ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. ஒரு கற்பனை நோயாளி வெவ்வேறு உணவகங்களில் சாப்பிடுகிறார். எந்த உணவு அவருக்கு ஒவ்வாமை தருகிறது என்று பங்கேற்பவர் கணித்துக் கணித்துக் கற்றுக்கொள்வார். உணவகம்தான் சூழல். கணினி ஒன்றும் மனித ஆய்வுக்கான நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் போதும்.

அதை அப்படியே தமிழில் கொண்டுவந்தபோது ஒரு பாடம் கிடைத்தது. ஒவ்வாமையின் அறிகுறியாக அரிப்பு என்று வைத்திருந்தேன், உணவுகளில் ஒன்று கத்தரிக்காய். முதல் எட்டுப் பேரில் ஏழு பேர் எதையும் கற்பதற்கு முன்பே, முதல் முயற்சியிலேயே, கத்தரிக்காய்க்கு ‘அரிப்பு வரும்’ என்று அழுத்தினார்கள். ஒரு மாணவி, “கத்தரிக்கா தின்னா சொறி வருமின்னு எங்க ஆச்சி தொடவே விடாதுக்கா” என்றாள். அவள் ஆச்சி சொன்னதை என் சோதனையால் வெல்ல முடியாது. கற்றலை அளக்க வேண்டுமானால் தொடக்கத்தில் எல்லா உணவும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். கத்தரிக்காய், கருவாடு இரண்டையும் நீக்கி, அறிகுறியைத் தலைவலி என்று மாற்றி, இருபது பேரிடம் ஒவ்வோர் உணவைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டுப் பட்டியலைச் சரிசெய்தேன். வெளிநாட்டில் உருவான சோதனையை எடுத்தால், மொழிபெயர்ப்பதற்கு முன் நம் மக்களுக்கு அதைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும் என்று விசாரியுங்கள்.

திட்டமிட்ட 96 பேரில் 40 பேரிடம் சோதனை முடிந்திருந்தபோது 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சமர்ப்பிக்க ஆறு மாதம் கூடுதல் அவகாசம் கிடைத்தது, ஆனால் உதவித்தொகை ஐந்தாண்டோடு சரி. என்னுடையது அந்த ஆகஸ்டில் நின்றது. மீதிப் பேரை 2021-இல் ஒரு கல்லூரியில் மணிநேர ஊதியத்தில் பாடம் நடத்திக்கொண்டே முடித்தேன். எதிர்பார்த்தது கிடைத்தது: இரண்டாவது உணவகத்தில் அடங்கிய கணிப்பு, முதல் உணவகத்தின் பெயர் திரையில் வந்ததும் திரும்பியது. 2022 மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன்.

இரண்டாம் தொகுதி எலிகளை ஏட்டில் சேர்க்க வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். நான் பதினொரு பக்கத்தில் ஒரு பின்னிணைப்பாக, புட்டியின் எடைக் கணக்கோடு எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் முதலில் புரட்டியது அந்தப் பக்கங்களைத்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ஏன் அவ்வளவு நாள் தெரியவில்லை என்று இருபது நிமிடம் கேட்டார். குரல் நடுங்கினாலும் எல்லாவற்றையும் சொன்னேன். சென்ற ஆண்டு, எலிகளோடு வேலை செய்யப் பதிவு செய்திருந்த ஓர் ஆய்வாளர் அந்தப் பெட்டியைக் கேட்டு வந்தார். துளைத் தட்டை மாற்றி, குழாயில் உணரி பொருத்தி, இருமுறை முகர்ந்ததை எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.